ஆடையும் முகமும்: ஜொகூரிலிருந்து நோக்கும் ஒரு தொலைக்காட்சி வரலாறு

ஆடை அலங்காரத் தொழிலைக் களமாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர்கள் வெறும் பொழுதுபோக்காகவே கருதப்பட்டு வந்துள்ளன. ஆயின், எத்தகைய முகமும் உடையும் திரைக்கு உரியன என்பதை ஒரு சமுதாயம் எவ்வாறு முடிவு செய்கிறது என்பதற்கு அவை சான்றுகளாகவும் அமைகின்றன. அவ்வினாவை ஜொகூரில் நின்று இக்கட்டுரை நோக்குகிறது.

இவ்வகைத் தொடர்களுள் தலையாயது, கொலம்பியாவில் 1999 முதல் 2001 வரை ஒளிபரப்பான 'யோ சோய் பெத்தி, லா ஃபேயா' ஆகும். இதனைத் தழுவி இந்தியாவில் 'ஜஸ்ஸி ஜைசி கோயி நஹீன்' (2003–2006) எனும் இந்தித் தொடரும், அமெரிக்காவில் 'அக்லி பெட்டி' (2006–2010) எனும் தொடரும் உருவாயின. இவற்றின் நாயகி விளம்பர அழகி அல்லள். அழகற்றவள் எனப் பிறரால் ஒதுக்கப்பட்ட, அறிவாற்றல் மிக்க அலுவலகப் பணிப்பெண். எனினும், கொலம்பியத் தொடரிலும் இந்தித் தொடரிலும் பிற்பகுதியில் அவளது தோற்றம் மாற்றியமைக்கப்படுகிறது. அழகின் அளவுகோலை வினவத் தொடங்கிய கதை, அவ்வளவுகோலுக்கே இணங்கி நிற்பதை இங்குக் காண்கிறோம்.

ஜொகூரின் தொலைக்காட்சி வரலாறு தனித்தன்மை உடையது. நீரிணைக்கு அப்பாலிருந்து சிங்கப்பூர் அலைவரிசைகள் ஜொகூர் பாருவை எட்டின. சிங்கப்பூரில் 1974இலும் மலேசியாவில் 1978இலும் வண்ண ஒளிபரப்பு தொடங்கியது. எனவே, ஆடையின் நிறம் திரையில் தோன்றும் வாய்ப்பு இவ்வூருக்கு அண்டை நாட்டின் வழியே முதலில் கிட்டியது. 1996இல் தொடங்கிய ஆஸ்ட்ரோவின் வானவில்லும், 2008இல் தனி அலைவரிசையான சிங்கப்பூரின் வசந்தமும் தமிழ்த் தொடர்களுக்குக் களம் விரித்தன.

மலேசியாவில் உடை, அரசு நெறிக்கும் உட்பட்டிருந்தது. தகவல் அமைச்சின் விளம்பர நெறி, பெண்களின் உடை கழுத்திலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை அமைய வேண்டும் என வரையறுத்தது. உடையைப் போலவே முகமும் சர்ச்சைக்குள்ளானது. 2007இல் அன்றைய தகவல் அமைச்சர் ஜைனுடின் மைடின், 'பான்-ஆசிய' முகங்கள் விளம்பரங்களில் மிகுந்திருப்பதைக் கண்டித்து, உள்நாட்டு முகங்களை வலியுறுத்தினார். அதே ஆண்டில், இந்தியத் தந்தைக்கும் ஐரிஷ் தாய்க்கும் பிறந்த டெபோரா ஹென்றி மலேசிய உலக அழகிப் பட்டம் பெற்றார். உள்நாட்டு முகம் என்பதற்கு எல்லை வகுப்பது எளிதன்று என்பதை இவ்விரு நிகழ்வுகளும் ஒருங்கே உணர்த்துகின்றன. கலப்பு முகத்தை விலக்குவதனாலேயே கருநிறத் தமிழ்ப்பெண்ணுக்குத் திரையில் இடம் கிடைத்துவிடும் என்றும் கொள்வதற்கில்லை.

இவ்வாய்வில் விடுபடலாகாத ஊர் பத்து பகாட். ஆடைத் தையல் ஆலைகளுக்குப் பெயர்பெற்ற அவ்வூர், இத்தொழிலின் மறுமுகத்தைக் காட்டுகிறது. இத்தகைய தொடர்களில் ஆடையை அணிபவளும் அதனை விற்பவனும் கதைமாந்தர் ஆகின்றனர். தைப்பவள் பெரும்பாலும் பின்னணியிலேயே நின்றுவிடுகிறாள். ஜொகூரைக் களமாகக் கொண்டு ஒரு தமிழ்த் தொடர் எழுதப்படுமாயின், அது மேடையிலிருந்து அன்றி, தையல் இயந்திரத்தின் முன்னிருந்து தொடங்குவதே வரலாற்றுக்குப் பொருந்துவதாகும்.