அகலிகை முதல் அலங்காரத்தம்மாள் வரை
தமிழ்ப் புனைகதையில் சமய ஒழுக்கமும் மணம் கடந்த வேட்கையும்

மணவாழ்வின் எல்லையை மீறும் காமத்தைச் சமயங்கள் பாவம் என்றே வகுத்துள்ளன. ஆயினும், அப்பாவத்துக்குத் தீர்ப்பளிப்பவர் யார், அதன் தண்டனையைச் சுமப்பவர் யார் என்னும் வினாக்களுக்கு எல்லாக் காலத்திலும் ஒரே விடை கிடைத்ததில்லை. இவ்விடைகள் மாறிவந்த வரலாற்றைத் தமிழிலே அறிந்துகொள்வதற்கு அகலிகை கதை தக்கதோர் அளவுகோலாக அமைகின்றது. இதிகாசத்தில் இடம்பெற்ற அக்கதையைப் புதுமைப்பித்தன் 1943 இல் 'சாபவிமோசனம்' என்னும் சிறுகதையாக்கினார். அகலிகையின் பெயரே இடம்பெறாத தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966) நாவலிலும் அதே வினாக்கள் வேறு வடிவில் எழுகின்றன.

வான்மீகி இராமாயணத்தின் பாலகாண்டத்தில், முனிவர் வேடத்தில் வந்தவன் இந்திரனே என்பதை அகலிகை அறிந்திருந்தும் இணங்குகின்றாள். கௌதமர் இருவரையும் சபிக்கின்றார். இந்திரன் தன் ஆண்மையை இழக்கின்றான்; அகலிகையோ எவர் கண்ணிலும் படாது, காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலிற் கிடந்து தவம் புரிய வேண்டியவளாகின்றாள். அங்கே அவள் கல்லாவதில்லை. தமிழ் மரபிலோ கல்லுருவம் பழைமையானது. திருப்பரங்குன்றத்தில் தீட்டப்பட்டிருந்த ஓவியங்களுள், பூனையுருக் கொண்ட இந்திரனும், சினங்கொண்ட கௌதமனும், கல்லான அகலிகையும் இடம்பெற்றிருந்தமையைப் பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் காட்டுகின்றது. கம்பரும் அக்கல்லுருவத்தையே ஏற்றுக்கொண்டார். வந்தவன் கணவனல்லன் என்பதை அகலிகை இடையிலே உணர்ந்தும் விலகினாளல்லள் எனப் பாடிய அவரே, பின்னர் அவள் நெஞ்சத்தாற் பிழை செய்யாதவள் என்று விசுவாமித்திரர் வாயிலாகக் கூறி, கணவனுடன் சேர்த்து வைக்கின்றார். இவ்விரு கூற்றுக்களுக்கும் இடையிலுள்ள முரண்பாடு கவனிக்கத்தக்கது. மனம் வேறு, உடல் வேறு என்று பிரித்தாலன்றி அவளை மன்னிக்க இயலாத நிலை காவியத்துக்கு ஏற்பட்டுவிட்டது எனலாம்.

இதனோடு ஒப்பவைத்து நோக்கவேண்டியது திருக்குறளின் 'பிறனில் விழையாமை' என்னும் அதிகாரமாகும். அதன் பத்துக் குறள்களும் பிறன் மனையாளை விரும்பும் ஆணையே கண்டிக்கின்றன. பெண்ணுக்கு அங்கே சாபமுமில்லை, தண்டனையுமில்லை. ஆயின், கதை மரபில் மக்கள் மனத்தில் நிலைத்தது கல்லாய்ச் சமைந்த பெண்ணின் உருவமே.

புதுமைப்பித்தன் தம் கதையைக் காவியம் முடித்த இடத்திலிருந்து தொடங்குகின்றார். சாபம் நீங்கியபின் அகலிகை எவ்வாறு வாழ்ந்தாள் என்பதே அவர் எழுப்பும் வினா. இராமனும் கௌதமனும் மன்னித்துவிட்டனர், ஊர் மன்னிக்கவில்லை. அவளது மனமும் அவளை விடவில்லை. காணும் ஆடவர் முகங்களிலெல்லாம் இந்திரனின் சாயலே அவளுக்குத் தெரிகின்றது. வனவாசம் முடித்து வந்த சீதை, தான் தீக்குளித்த செய்தியைச் சொல்லும்போது கதை உச்சத்தை அடைகின்றது. தனக்கு மன்னிப்பு அருளிய இராமனே குற்றமற்ற மனைவியிடம் சான்று கேட்டான் என்பதை அகலிகையாற் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவள் மீண்டும் கல்லாகின்றாள். முதன்முறை அவளைக் கல்லாக்கியது கணவனின் சாபம். இம்முறை சபித்தவர் எவருமிலர். மன்னிக்கும் அதிகாரமும் சோதிக்கும் அதிகாரமும் ஆணிடமே இருக்கும் அறத்தை அவள் உள்ளம் மறுத்ததன் விளைவே அக்கல். கடவுளின் தீர்ப்பையே கேள்விக்கு உட்படுத்தும் துணிவு இங்கே தமிழ்ப் புனைகதைக்கு வாய்க்கின்றது.

ஜானகிராமனின் நாவலில் முனிவருமில்லை, தேவருமில்லை. சென்னையில் வாழும் வைதிகக் குடும்பமொன்றே களம். அலங்காரத்தம்மாளுக்குச் சிவசு என்பவனோடு நெடுங்காலத் தொடர்பு உண்டு. அவளுடைய பிள்ளைகளிற் சிலர் அவனுக்குப் பிறந்தவர்கள். கணவர் தண்டபாணி வேதாந்தமும் சோதிடமும் கற்றவர். யாவும் அறிந்தும் மௌனமாயிருப்பவர். கௌதமனின் இடத்தில் இருந்தும் சபிக்காத கணவர் அவர். சட்டமும் அக்குடும்பத்தினுள் நுழைவதற்கு இடமில்லை. 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497 ஆம் பிரிவு, பிறன் மனைவியோடு கூடும் ஆணை மட்டுமே தண்டித்தது. கணவனின் இசைவோ உடந்தையோ இருப்பின் அது குற்றமாகாது. மனைவியைக் கணவனின் உடைமையாகக் கருதிய அப்பிரிவை இந்திய உச்ச நீதிமன்றம் 2018 இலேயே செல்லாதென அறிவித்தது.

இவ்வாறு சாபமும் சட்டமும் விலகிநின்ற வீட்டில், தீர்ப்பளிப்பவள் அலங்காரத்தம்மாளே. அவள் சமயத்தை மறுத்தவளல்லள்; அதனை முழுமையாக நம்பியவள். அந்நம்பிக்கையே அவளது துயரத்தின் ஊற்று. வேட்கையை விடவும் அவளால் இயலவில்லை; அது பாவம் என்ற எண்ணத்தை விடவும் இயலவில்லை. எனவே மகன் அப்புவைக் காவிரிக் கரையிலுள்ள வேதபாடசாலைக்கு அனுப்புகின்றாள். அவன் வேதம் கற்றுத் தூயோனாகித் திரும்பினால், அவன் காலடியில் தன் பாவம் எரிந்துபோகும் என்பது அவள் கணக்கு. பதினாறு ஆண்டுகள் அவன் அங்கே பயில்கின்றான். ஆயின், பாடசாலையை நடத்தும் பவானியம்மாளின் வீட்டில் வளர்ந்த விதவையான இந்து அவனை நேசிக்கின்றாள்; அவனது மனமும் அவள்பாற் செல்கின்றது. வேதம் கற்ற மகனும் ஆசைக்கு அப்பாற்பட்டவனல்லன் என்று கண்ட தாய், இறுதிநாளைக் கழிக்கக் காசிக்குப் புறப்படுகின்றாள்.

ஒழுக்கக்கேட்டை அழகுபடுத்தும் நாவல் இது என்று கூறுவோரும் இருத்தல் கூடும். நுணுகி நோக்கின் அக்கூற்று பொருந்தாது. பாவம் பற்றிய அச்சம் இந்நாவலை விட்டு ஒரு கணமும் நீங்குவதில்லை. ஒருவரின் பாவத்துக்கு இன்னொருவரைக் கழுவாயாக்கலாம் என்ற நம்பிக்கையின் கொடுமையையே ஆசிரியர் காட்டுகின்றார். கேட்டறியாமலே ஒரு சிறுவனின் பதினாறு ஆண்டுகள் அந்நம்பிக்கைக்குக் காணிக்கையாக்கப்பட்டுள்ளன.

ஆகவே, இவ்வரலாற்றில் நீதிபதிகள் மாறிவந்துள்ளமை தெளிவாகும். முனிவனின் சாபம், இறைவனின் மன்னிப்பு, ஊரின் ஏளனம் என வெளியிலிருந்த தீர்ப்பு இறுதியிலே பெண்ணின் மனச்சான்றினுள் குடிபுகுந்தது. இதனை விடுதலையின் ஒரு படி எனக் கொள்ளலாம். ஆனால் தண்டனையைச் சுமப்பவர் மாறவில்லை. வான்மீகியின் இந்திரனாவது தண்டனை பெற்றான். சிவசு கழுவாய் தேடியதாக நாவல் காட்டவில்லை. சாபம் ஒழிந்தபோது ஆண் முற்றாக விடுபட்டான். பெண்ணோ சபிப்பார் இன்றியும் கல்லாகின்றாள், அனுப்புவார் இன்றியும் காசிக்குச் செல்கின்றாள். ஆணை நோக்கிக் குறள் கூறிய அறத்தைக் கதைகள் இன்னும் முழுமையாக எழுதி முடிக்கவில்லை என்பதே இவ்வாராய்ச்சியால் நாம் பெறும் முடிபாகும்.