கலப்புக் கூரையில் நுரையின் பங்கு: ஓர் அட்டவணையின் மறுவாசிப்பு

காற்றோட்டமில்லாத சாய்வுக் கூரைகளில், கூரைப் பலகையின் அடிப்புறத்தில் மூடுசெல் பாலியூரித்தேன் நுரையைத் தெளித்துவிட்டு, மீதி ஆழத்தைக் கைமரங்களுக்கு இடையே கண்ணாடியிழையால் நிரப்பும் முறை வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் நன்கு வேரூன்றியது. நுரை அங்குலத்துக்கு ஏறத்தாழ ஆர்-6.5 வெப்பத்தடை தருகிறது, விலை அதிகம். கண்ணாடியிழை தருவது கிட்டத்தட்ட அதில் பாதி. விலையோ மிகக் குறைவு. எனவே நுரையை எந்த அளவோடு நிறுத்துவது என்பதே இங்கே முதற்கேள்வி. அளவு தவறினால், வீட்டுக் காற்றின் ஈரம் இழைக்குள் புகுந்து நுரையின் குளிர்ந்த உட்பரப்பில் நீராகப் படியும்.

வழங்கிவரும் விடை ஓர் அட்டவணையிலிருந்து வருகிறது. ஐ.ஆர்.சி. எனப்படும் அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பின் ஆர்806.5 பிரிவு, காற்றுப் புகாத காப்பின் குறைந்தபட்ச அளவை மண்டலவாரியாகச் சொல்கிறது: 5ஆம் தட்பவெப்ப மண்டலத்துக்கு ஆர்-20, 6க்கு ஆர்-25, 7க்கு ஆர்-30, 8க்கு ஆர்-35. முந்தைய ஆய்வுப் போக்கு ஒன்று இவற்றைத் தனித்து நிற்கும் கீழ்வரம்புகளாகவே கொண்டது. அதன்படி, மினியாபொலிஸில் ஆர்-25 நுரை அடித்த பின் அதன் கீழே எவ்வளவு இழை சேர்த்தாலும் அது கூடுதல் நன்மைதான். இந்த வாசிப்பு பிழையானது. அட்டவணை எண்கள் ஆர்-49 என்னும் மொத்தக் காப்பின் பங்குகள். மொத்தம் மாறும்போது அவையும் மாறியாக வேண்டும்.

இதற்கான சான்று அதே பிரிவிலேயே இருக்கிறது. நுரைக்கு மாற்றாகக் கூரைப் பலகையின் மேல் காப்பு வைப்போருக்கு அங்கே ஒரு நிபந்தனை உண்டு: பலகையின் அடிப்பரப்பு மாதச் சராசரியாக 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். உள்வெப்பம் 20 டிகிரி என்றும், வெளிவெப்பம் ஆண்டின் மிகக் குளிர்ந்த மூன்று மாதங்களின் சராசரி என்றும் கொண்டு கணக்கிட வேண்டும். வாசகத்தின்படி இது மேலே வைக்கும் காப்புக்கு உரியது; கீழே தெளிக்கும் நுரையைப் பற்றி அது பேசவில்லை. அட்டவணைக்கு இதைப் பொருத்தலாமா என்ற தயக்கம் நியாயமானதே. தயக்கத்தைத் தீர்க்கக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே வழி.

நீர் படியும் பரப்பின் வெப்பநிலையை முடிவு செய்வது, அதற்கு உட்புறம் இருக்கும் தடை மொத்தத் தடையில் எத்தனை பங்கு என்பதுதான். 5ஆம் மண்டலத்துச் சிகாகோவில் குளிர்மாதச் சராசரி ஏறத்தாழ −2 டிகிரி. மொத்தம் ஆர்-49, நுரை ஆர்-20 என்றால் நுரையின் உட்பரப்பு ஏறத்தாழ 7 டிகிரியில் நிற்கிறது. 6ஆம் மண்டலத்து மினியாபொலிஸில் சராசரி −7. ஆர்-25 நுரையின் உட்பரப்பு 6.8 டிகிரி. 8ஆம் மண்டலத்து ஃபேர்பேங்க்ஸில் சராசரி −20. ஆர்-35 நுரையோடு எட்டரை டிகிரி. இவ்வளவு வேறுபட்ட மூன்று ஊர்களும் 7 டிகிரியை ஒட்டியோ சற்று மேலேயோ வந்து நிற்பது தற்செயலாக இருக்க வழியில்லை. அட்டவணையை வகுத்தவர்களின் எண்ணத்தை இது உறுதியாக நிறுவிவிடாது என்பது உண்மை. ஆனால் எண்களுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் வேறில்லை.

நடைமுறையில் இதன் விளைவு சிறியதல்ல. 2021 பதிப்பு குளிர் மண்டலங்களில் கூரைக் காப்பின் குறைந்தபட்ச அளவை ஆர்-49இலிருந்து ஆர்-60க்கு உயர்த்தியது. நுரை அட்டவணையில் 6ஆம் மண்டலத்தின் ஆர்-25 அப்படியே நின்றது. மினியாபொலிஸில் ஒருவர் இரண்டையும் எழுத்துப்படி பின்பற்றி ஆர்-25 நுரைக்குக் கீழே ஆர்-35 இழை வைத்தால், நுரையின் உட்பரப்பு சுமார் 4.2 டிகிரிக்கு இறங்குகிறது. அங்கே நீர் படிய வீட்டுக்குள் 35 சதவீத ஒப்பு ஈரப்பதம் போதும். முன்பு 42 சதவீதம் வேண்டியிருந்தது. ஆற்றலைச் சேமிக்கச் சேர்த்த இழையே நுரையைக் குளிர்வித்துவிடுகிறது.

ஈரத்தைக் கொண்டுவருவது பெரும்பாலும் காற்றுக்கசிவுதான், அதை நுரை அடைத்துவிடுகிறது, ஆகவே பங்கைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்லப்படுவதுண்டு. நுரை காப்பது தனக்கு வெளியே இருக்கும் கூரைப் பலகையை. இழைக்குள் தாராளமாக நுழையும் வீட்டுக் காற்று நுரையின் உட்பரப்பைத் தொடுவதை அது தடுப்பதில்லை. இந்த மறுப்பை மேலும் தொடர வேண்டியதில்லை.

குளிர்காலத்தில் வீட்டுக் காற்று 30 சதவீதத்துக்கு மேல் ஈரமாக இருப்பதில்லை என்ற வாதம் வலுவானது. 20 டிகிரியில் 30 சதவீத ஈரப்பதத்தின் பனிநிலை 1.9 டிகிரி, 4.2 டிகிரிப் பரப்பு அதற்கு மேலேதான் இருக்கிறது. ஆனால் இருந்த இடைவெளி பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது. வெளியே −20 ஆகும் நாள்களில் ஆர்-49 கூரையின் நுரைப் பரப்பு உறைநிலையை ஒட்டி நிற்கும். ஆர்-60 கூரையில் அது −3க்கு இறங்கி உறைபனி பிடிக்கும். நுரையால் இறுக்கமாக அடைத்த வீட்டில், தனிக் காற்றோட்டக் கருவி இல்லாவிட்டால், குளியலறையும் சமையலும் ஈரப்பதத்தை 30ஐத் தாண்டி எளிதில் ஏற்றிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மரப்பலகை என்றால் சில நாள் ஈரத்தை உறிஞ்சிவைத்து, வெயில் வந்ததும் விட்டுவிடும். மூடுசெல் நுரையின் தோல் எதையும் உறிஞ்சாது. படிந்த நீர் சரிவோடு வழிந்து, இழையை நனைத்து, கைமரத்தின் பக்கவாட்டில் தேங்குகிறது. தெளித்த நுரை சமமாக அமைவதுமில்லை. கைமரத்தை ஒட்டி மேடாகவும் நடுவில் பள்ளமாகவும் அலையலையாக உறைகிறது. நான்கு அங்குலச் சராசரியில் மூன்று அங்குலப் பள்ளம் ஒன்று இருந்தால், ஆர்-49 கூரையிலேயே அந்த இடம் 5 டிகிரியை நெருங்கும். நீர் முதலில் அங்கேதான் படியும். எனவே கம்பி குத்தி ஆழம் பார்க்கும்போது குறித்துக்கொள்ள வேண்டியது சராசரியை அல்ல, மிகக் குறைந்த அளவை.

பங்கு வாசிப்பின்படி ஆர்-60 கூரைக்கு 6ஆம் மண்டலத்தில் ஏறத்தாழ ஆர்-31 நுரை வேண்டும். அதாவது நான்கு அங்குலத்துக்குப் பதில் ஐந்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு தெளிப்பை இரண்டு அங்குலத்தோடு நிறுத்தச் சொல்லும் தயாரிப்புகளில் இது மூன்றாவது சுற்று வேலை, கூலியும் உயரும். 8ஆம் மண்டலத்தில் நுரையின் பங்கு 71 சதவீதம் என்பதால் இழையால் மிச்சமாகும் பணம் சொற்பம். அங்கே முழு ஆழத்தையும் நுரையால் நிரப்புவதே நேர்வழி. முழுக்க நுரையாலான கூரைக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. திறந்தசெல் நுரைக்கும் இது பொருந்தாது: அது காற்றை மறித்தாலும் நீராவியை விட்டுவிடுவதால் நீர் படியும் இடம் கூரைப் பலகைக்கே நகர்ந்துவிடுகிறது. 5ஆம் மண்டலம் முதல் அதன் உட்பரப்பில் நீராவித் தடுப்புப் பூச்சு வேண்டும் என்று விதித்தொகுப்பு கேட்பது அதனால்தான்.