எச்சில் இலையிலிருந்து பிளாஸ்டிக் கோப்பை வரை

ஒரு முறை உபயோகித்துவிட்டுத் தூக்கி எறிவது மேல்நாட்டார் கொண்டுவந்த பழக்கம், நம் பெரியவர்கள் எதையும் வீணாக்காதவர்கள் என்று நமது கூட்டங்களில் அடிக்கடி பேசப்படுகிறது. கேட்பதற்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. ஒருமுறை உபயோகத்தை ஓர் ஆசாரமாகவே வைத்திருந்த சமூகம் நம்முடையது. ஒருவர் சாப்பிட்ட இலையில் இன்னொருவர் சாப்பிடுவதில்லை. அவரே கூட மறுவேளை சாப்பிடுவதில்லை. பிளாஸ்டிக்கைக் குறைப்பது பற்றிப் பேசுமுன் இந்த உண்மையை ஒப்புக்கொண்டால்தான், நாம் எந்த இடத்தில் தடம் மாறினோம் என்பது விளங்கும்.

எச்சிலும் இலையும்

வாழை செழிக்கும் ஊர்களில் வாழை இலை. அது கிடைக்காத இடங்களில் மந்தாரை இலையையோ புரச இலையையோ ஈர்க்குக் குச்சியால் தைத்த தையல் இலை. கோவிலில் பிரசாதத்துக்குத் தொன்னை. வட இந்தியாவில் வசிக்கும் நம் உறுப்பினர்கள் இதே தையல் இலையைப் 'பத்தல்' என்றும், தொன்னையைத் 'தோனா' என்றும் கடைவீதியில் பார்த்திருப்பார்கள். பூரி ஜகந்நாதர் கோவில் மடைப்பள்ளியில் மகாபிரசாதம் மண் பானைகளில்தான் தயாராகிறது. ஒரு முறை சமைத்த பானையில் மறுபடி சமைப்பதில்லை. உத்தரப் பிரதேசம், பீகார், வங்காளம் ஆகிய இடங்களில் டீ குடித்த மண் குவளையான குல்லடை அங்கேயே போட்டு உடைத்துவிட்டுப் போவார்கள்.

இத்தனை எறிந்தும் குப்பை மலைகள் ஏன் உண்டாகவில்லை? முதலாவது காரணம், எறிந்த பொருளின் குணம். இலையை மாடு தின்றது. மிச்சம் மக்கி எருவாயிற்று. மண் குவளை மண்ணோடு சேர்ந்தது. இரண்டாவது காரணம், எறிவதற்கு ஓர் எல்லை இருந்தது. தினப்படி புழக்கத்துக்கு வெண்கலமும் பித்தளையும் வெள்ளியும், பிற்பாடு எவர்சில்வரும்தான். பிரயாணத்துக்குக் கூஜாவும் திருகுச் செம்பும். எச்சில் பார்க்கிற வீட்டில் ஆளுக்கொரு டம்ளரை எறியவில்லை. அண்ணாந்து தூக்கிக் குடித்தார்கள். ஒரே செம்பு பத்துப் பேருக்குப் போதுமானதாக இருந்தது. எறியாமலே எச்சிலைத் தவிர்க்கும் உபாயம் அது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எச்சில் இலையை எடுத்து வெளியே போட்டவர் பெரும்பாலும் அதில் சாப்பிட்டவர் அல்ல. வீட்டில் பெண்கள் எடுத்தார்கள். கல்யாணத்தில் கூலிக்கு வந்தவர்கள் எடுத்தார்கள். நாம் எறிந்தது எங்கே போகிறது என்று திரும்பிப் பார்க்காத வழக்கம் அப்போதே நமக்கு வந்துவிட்டது. இலை அந்த அலட்சியத்தைப் பொறுத்துக்கொண்டது. அதன் இடத்துக்கு வந்த பொருள் பொறுத்துக்கொள்ளவில்லை.

பாலிதீன் பிறந்த கதை

பிளாஸ்டிக் வகைகளில் முன்னோடியான செல்லுலாய்டு, எறிவதற்காகப் பிறந்ததல்ல. பில்லியர்ட்ஸ் பந்துகளை யானைத் தந்தத்தில் கடைந்துகொண்டிருந்த காலம் அது. தந்தத்துக்கு மாற்று தேடி, அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹையட் 1869இல் செல்லுலாய்டை உருவாக்கினார். 1907இல் லியோ பேக்லாண்டின் பேக்கலைட் வந்தது. நம் வீடுகளில் பழைய கறுப்பு ஸ்விட்சுகளும் ரேடியோப் பெட்டிகளும் அதனால் ஆனவைதான். ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும் என்றே அவற்றைச் செய்தார்கள்.

பாலிதீன் கிடைத்தது தற்செயலாக. இங்கிலாந்தில் வின்னிங்டன் என்ற ஊரில், ஐ.சி.ஐ. கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில், எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் என்ற இருவர் 1933 மார்ச்சில் எத்திலீன் வாயுவை மிகுந்த அழுத்தத்தில் வைத்துச் சோதித்தபோது, பாத்திரத்தின் அடியில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் படிந்திருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் கருவிகளின் கேபிள்களுக்கு உறையாகப் பயன்பட்டது அதுதான்.

இன்று நாம் 'கேரி பேக்' என்று சொல்லும் கைப்பிடி வைத்த பை, ஸ்வீடன் நாட்டுச் செல்லோபிளாஸ்ட் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டென் குஸ்டாஃப் தூலின் வடிவமைத்தது. 1965இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்கலாம் என்பது அவர் எண்ணம் என்றும், அவர் எப்போதும் ஒரு பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப உபயோகித்தார் என்றும் அவர் மகன் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். பையைக் கண்டுபிடித்தவர் அதை எறியவில்லை; வாங்கியவர்கள் எறிந்தார்கள்.

நம் நாட்டில் நுழைந்த விதம்

மத்திய அரசு 1969இல் இந்தியன் பெட்ரோகெமிக்கல்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. பரோடாவில் அதன் பெரிய ஆலை 1978இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்குப் பின் வந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கடைவீதியின் தோற்றமே மாறிவிட்டது. மளிகைக் கடையின் காகிதப் பொட்டலமும் சணலும் போயின. எண்ணெய் வாங்கத் தூக்கு எடுத்துப் போவது நின்றது. துணிப்பையை மடித்து இடுக்கிக்கொண்டு கடைக்குப் போவது கௌரவக் குறைவாகத் தோன்ற ஆரம்பித்தது. கடைக்காரர் இலவசமாகத் தருகிற பையை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

பால் விஷயத்தில் தில்லி ஒரு நல்ல உதாரணம். 1974இல் தொடங்கிய மதர் டெய்ரி, தெருமுனைச் சாவடிகளில் இயந்திரம் வைத்து, வில்லையைப் போட்டால் நாம் கொண்டுபோன பாத்திரத்தில் பால் விழும்படி ஏற்பாடு செய்தது. தில்லியில் ஒரு தலைமுறை நம்மவர்கள் காலையில் தூக்குடன் அந்த வரிசையில் நின்றவர்கள்தான். அந்த முறை இன்றும் அங்கே உயிரோடு இருக்கிறது. ஆனால் பாக்கெட்டின் சௌகரியம் பெரும்பாலான வீடுகளை அதிலிருந்து இழுத்துவிட்டது.

குடிநீருக்கும் இதே கதி. பிஸ்லரி 1965இல் பம்பாய்க்கு வந்தபோது தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குவதா என்று சிரித்தவர்கள் உண்டு. அன்று அது கண்ணாடிப் பாட்டிலில் வந்தது. 2003இல் ரயில்வேயின் ஐ.ஆர்.சி.டி.சி. தானே 'ரயில் நீர்' என்று பாட்டில் தண்ணீர் விற்கத் தொடங்கியது. கூஜா பரணுக்குப் போனது. மறு ஆண்டு, 2004இல், ரயில்வே அமைச்சர் லாலு பிரசாத் நிலையங்களில் பிளாஸ்டிக் கோப்பைக்குப் பதிலாகக் குல்லடை மறுபடி கொண்டுவர உத்தரவிட்டார். கோப்பையைவிடக் கனமானது, வழியில் உடையக்கூடியது, விலையும் அதிகம் என்பதால் அது பரவலாக நிலைக்கவில்லை. போன பழக்கத்தை உத்தரவு போட்டு மட்டும் திருப்பிக் கொண்டுவர முடியாது என்பதற்கு அதுவே சாட்சி.

வெள்ளமும் பசுவும் சட்டமும்

விளைவை முதலில் உணர்ந்தவை மலைப் பிரதேசங்கள். ஹிமாசலப் பிரதேசம் 1995இலேயே மக்காத குப்பையைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. சிக்கிம் 1998இல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை விதித்தது. அண்டை நாடான பங்களாதேஷ், பெருவெள்ளங்களின்போது டாக்காவின் சாக்கடைகளைப் பைகள் அடைத்ததைக் கண்டு, 2002இல் மெல்லிய பைகளை நாடு முழுவதும் தடை செய்தது. உலகில் அப்படிச் செய்த முதல் நாடு அதுவே.

2005 ஜூலை 26ஆம் தேதியை மும்பை உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை. மீட்டி நதியின் ஆக்கிரமிப்பு, பழைய வடிகால்கள், கடல் ஏற்றம் என்று காரணங்கள் பல இருந்தன. சாக்கடைகளை அடைத்த பிளாஸ்டிக் பைகளும் அவற்றில் ஒன்று. அதற்குப் பிறகே மகாராஷ்டிர அரசு மெல்லிய பைகளின் மேல் கடுமை காட்டியது.

பசுக்களின் கதை இன்னும் வேதனையானது. முன்பு எச்சில் இலை மாட்டுக்குப் போயிற்று. இப்போது மீந்த சாதத்தைக் கவரில் போட்டு முடிச்சிட்டு எறிகிறோம். மாட்டுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது. கவரோடு விழுங்குகிறது, அது வயிற்றின் முதல் அறையிலேயே தங்கி ஆண்டுக்கணக்கில் சேருகிறது. இதைச் சுட்டிக்காட்டிப் புட்டபர்த்தியைச் சேர்ந்த கருணா சொசைட்டி என்ற பிராணிகள் நல அமைப்பு 2012இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. கோபூஜை செய்கிற நாம் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

மத்திய அரசின் முதல் விதிகள் 1999இல் வந்தன. பையின் கனம் குறைந்தது 20 மைக்ரான் இருக்க வேண்டும் என்றன. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கனத்துக்கும் குப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்பதுண்டு. மெல்லிய பைகளை எத்தனை பொறுக்கினாலும் எடை சேராது. ஆகவே பழைய பொருள் சேகரிப்பவர்கள் அவற்றைத் தொடுவதில்லை. கனமான பைக்கு எடைக்கு எடை காசு கிடைக்கும். கடைக்காரருக்கும் விலை கூடுவதால் சும்மா தர மனம் வராது. அதனால்தான் அளவு 2011இல் 40, 2016இல் 50, 2021 செப்டம்பரில் 75, 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் என்று ஏறிக்கொண்டே போனது.

இதனிடையே மகாராஷ்டிரம் 2018இலும், தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதலும் தனித் தடைகளைக் கொண்டுவந்தன. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. 2022 ஜூலை 1 முதல் இந்தியா முழுவதும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி, உறிஞ்சு குழல், அலங்காரத் தெர்மகோல், இனிப்புப் பெட்டிகளின் மேலும் அழைப்பிதழ்களின் மேலும் சுற்றும் மெல்லிய தாள் ஆகியவை தடை செய்யப்பட்டுள்ளன. இந்தப் பட்டியலைப் பாருங்கள். பாதி நம் கல்யாண மண்டபத்திலிருந்து எடுத்தது போல இருக்கிறது!

சட்டத்துக்குப் பின்னும் குப்பை குறைந்துவிடவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி 2019-20இல் நாட்டில் உண்டான பிளாஸ்டிக் கழிவு ஏறக்குறைய 34.7 லட்சம் டன்.

நம் அகத்து விசேஷங்கள்

ஒருமுறை உபயோகம் நமக்குப் பழக்கமாக இருந்ததால், பிளாஸ்டிக் கோப்பை வந்தபோது அது அந்நியமாகவே தோன்றவில்லை. எச்சில் பிரச்னை இல்லை, தேய்க்க ஆள் வேண்டாம் என்று வரவேற்றோம். ஆசாரத்தின் பெயரால் உள்ளே வந்த சௌகரியம் அது. விளைவு, இன்று வாழை இலையில் சாப்பாடு போடுகிறோம். ஆனால் ஒவ்வொரு இலைக்கும் பக்கத்தில் ஒரு சிறிய தண்ணீர் பாட்டில் நிற்கிறது. பாதி குடித்த பாட்டில்கள் இலையோடு சேர்ந்தே குப்பைக்குப் போகின்றன. அந்த இலையும் எருவுக்கு உதவாமல் கெடுகிறது.

மாற்று என்று நினைத்து நாம் ஏமாறும் இடங்களும் உண்டு. காகிதக் கோப்பையின் உட்புறம் பாலிதீன் பூச்சு இருக்கிறது. அதனால்தான் காபி ஊறிக் கசிவதில்லை. தமிழ்நாட்டின் தடைப் பட்டியலில் அதுவும் சேர்ந்திருக்கிறது. தாம்பூலப் பையாகத் தருகிற, துணி போலத் தோன்றும் பைகளில் பல பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கே. உண்மையான பருத்திப் பையாக இருந்தாலும் வாங்கினால் மட்டும் புண்ணியமில்லை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே முறை உபயோகித்த பிளாஸ்டிக் பைக்கு ஈடாகப் புவி வெப்பமடைதல் கணக்கில் வர, பருத்திப் பையை 131 முறை உபயோகிக்க வேண்டும். வாரம் ஒரு முறை கடைக்குப் போனால் இரண்டரை ஆண்டு. பீரோவில் அடுக்கி வைத்த முப்பது தாம்பூலப் பைகள் யாருக்கும் உபகாரம் செய்வதில்லை.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? பெங்களூரில் அதம்ய சேதனா அறக்கட்டளை, விசேஷங்களுக்கு எவர்சில்வர் தட்டு டம்ளர்களைக் கொடுத்து வாங்கும் 'தட்டு வங்கி' ஒன்றை நடத்துகிறது. நமது ஒவ்வொரு கிளையும் 300 டம்ளர்களும் நான்கு பெரிய தண்ணீர் டிரம்களும் வாங்கி வைத்தால், உறுப்பினர் வீட்டு உபநயனத்துக்கும் சீமந்தத்துக்கும் சஷ்டியப்தபூர்த்திக்கும் அவை சுற்றி வரும். கழுவுகிறவருக்கு உரிய கூலியைச் சமையல் கான்ட்ராக்டிலேயே தனியாக எழுதிவிட வேண்டும். அந்தச் செலவை யார் தலையிலும் ஓசையில்லாமல் ஏற்றக்கூடாது. பாட்டில் தண்ணீருக்குக் கொடுக்கிற பணத்தை மிச்சப்படுத்தினால் இதற்கு வழி பிறக்கும். தாம்பூலத்தில் தேங்காயை வெறுங்கையில் வாங்கிக்கொள்ள யாரும் தயங்க மாட்டார்கள். வருகிறவர்களே ஒரு பை கொண்டுவரும்படி அழைப்பிதழில் ஒரு வரி போட்டால் போதும். மீந்த சாதத்தை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் கவரில் கட்டி எறியக்கூடாது.

நம் முன்னோர்கள் எறிந்தார்கள். ஆனால் எறிந்ததை ஏற்றுக்கொள்ள ஒரு மாடும் ஒரு பிடி மண்ணும் இருந்தன. இன்று எறிவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்: இதை ஏற்றுக்கொள்ள யார் இருக்கிறார்கள்? பதில் கிடைக்காத பொருளை அடுத்த விசேஷத்தின் சாமான் பட்டியலில் எழுதாமல் இருப்போம்.