சஃபையர் தியேட்டருக்குக் கீழே ஒரு நைட் கிளப்

மது இருக்கும் ஊரில்தான் நைட் கிளப் இருக்கும் என்று நினைப்போம். அப்படிப் பார்த்தால் காரைக்காலில்தான் இருந்திருக்க வேண்டும். 1739ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர் அது. 1948ல் மெட்ராஸ் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோதும் எல்லைக்கு அந்தப் பக்கம் காரைக்காலில் கடைகள் திறந்தே இருந்தன. 1954ல் இந்தியாவோடு சேர்ந்த பிறகும் அது மாறவில்லை.

ஆனால் இன்றும் பேசப்படும் ஒரு நைட் கிளப் இருந்தது, மதுவிலக்கு அமலில் இருந்த மெட்ராஸில்தான்!

மவுண்ட் ரோட்டில் 1964ல் 'கிளியோபாட்ரா' படத்தோடு திறக்கப்பட்டது சஃபையர் தியேட்டர். அதே வளாகத்தில் புளூ டயமண்ட், எமரால்டு என்று இன்னும் இரண்டு. ஒரே இடத்தில் மூன்று தியேட்டர் என்பது அன்று பெரிய அதிசயம். பெயரெல்லாம் ரத்தினங்கள். அடித்தளத்தில் இருந்த நைட் கிளப்பின் பெயரும் 'நைன் ஜெம்ஸ்', அதாவது நவரத்தினம்.

அந்தக் காலத் தமிழ்ப் படங்களில் நைட் கிளப் என்றால் வில்லன், சிகரெட் புகை, கவர்ச்சி நடனம். நல்ல குடும்பத்துப் பெண் அங்கே கால் வைக்க மாட்டாள். 1969ல் நைன் ஜெம்ஸ் மேடையில் ஏறியவரோ புடவை கட்டிய ஒரு தமிழ்ப் பெண். பாடியது ஆங்கிலப் பாட்டு. பெயர் உஷா ஐயர். பின்னாளில் உஷா உதுப்!

பம்பாயில் படித்தபோது, கனத்த குரல் ஒத்துவராது என்று பாட்டு வகுப்பிலிருந்து விலக்கப்பட்டவர் அவர். அந்தக் குரலைத்தான் மெட்ராஸ் ரசிகர்கள் கைதட்டி வரவேற்றார்கள். அங்கிருந்து கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் டிரிங்காஸ், பிறகு இந்தி சினிமா. 2011ல் பத்மஸ்ரீ, 2024ல் பத்மபூஷண். புடவையை மட்டும் அவர் மாற்றவே இல்லை.

தமிழ்நாட்டில் மதுவிலக்கு 1971ல் தளர்ந்தது, 1974ல் திரும்ப வந்தது, பிறகு போயே போய்விட்டது. சஃபையரும் 1990களில் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. மது இன்று தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. நைன் ஜெம்ஸை யாராவது நினைக்கிறார்கள் என்றால் அது மதுவுக்காக அல்ல. வகுப்பறை வேண்டாம் என்ற ஒரு குரலை அந்த அடித்தளம் வேண்டும் என்றது. அதற்காகத்தான்.