நோபல் வாங்காத வாத்தியார்



ஒரு வாத்தியாரை நோபல் பரிசுக்கு 84 முறை பரிந்துரைத்தார்கள். ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. அவரிடம் முனைவர் பட்டம் பெற்ற நான்கு பேர் வாங்கினார்கள்: ஹைசன்பர்க் (1932), டிபை (1936), பவுலி (1945), பெத்தே (1967). அந்த வாத்தியார் பெயர் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு.

1868இல் அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். கணிதத்தில் தொடங்கி இயற்பியலுக்கு வந்தார். 1906 முதல் மியூனிக்கில் பேராசிரியர். நான் கரும்பலகையில் அணுவைச் சுற்றி வட்டம் வட்டமாக வரைவேனே, நினைவிருக்கிறதா? அது போர் சொன்னது. எலக்ட்ரான் நீள்வட்டத்திலும் சுற்றலாம் என்று அதை விரித்தவர் இவர்.

பெரியவர்களுக்கே பிடிபடாத ஒரு நிறமாலைக் கணக்கை, கல்லூரிக்குப் புதிதாக வந்த ஹைசன்பர்க்கிடம் கொடுத்தார். கலைக்களஞ்சியத்துக்கான சார்பியல் கட்டுரையைப் பவுலியை எழுதச் சொன்னார். அது வெளிவந்தபோது பவுலிக்கு வயது 21. நானாக இருந்தால், "முதலில் பாடத்தைப் படிடா" என்றிருப்பேன்!

இவர் 1928இல் நம் சென்னைக்கும் வந்தார். மாநிலக் கல்லூரியில் சொற்பொழிவு. அங்கே படித்துக்கொண்டிருந்த சந்திரசேகர் என்ற பையன் மறுநாள் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்விட்டான். ஏறத்தாழ 18 வயது. "உங்கள் அணு நூலைப் படித்திருக்கிறேன்" என்று பெருமையோடு சொன்னான். அந்த நூல் வந்தபின் குவாண்டம் இயற்பியலே மாறிவிட்டது என்று சோமர்ஃபெல்டு உள்ளதைச் சொன்னார். தன் புத்தகம் பழசாகிவிட்டது என்று எந்த வாத்தியாருக்கு வாய் வரும்? பையனுக்கு முகம் வாடியிருக்கும். ஆனால் அவர் அதோடு விடவில்லை. உலோகங்களுக்குள் எலக்ட்ரான்கள் நடந்துகொள்ளும் விதம் பற்றி, இன்னும் வெளிவராத தம் கட்டுரையின் அச்சுப் பிரதியை அவன் கையில் கொடுத்தார்.

அதிலிருந்த ஃபெர்மி–டிராக் புள்ளியியலைச் சந்திரசேகர் தானே கற்று, மறு ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை வெளியிட்டார். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அதே புள்ளியியலை விண்மீன்களுக்குப் பொருத்திப் பார்த்தார். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு நிறைக்கு மேல் ஒரு வெண்குறு விண்மீன் நிலைக்காது என்ற சந்திரசேகர் எல்லை அங்கே தொடங்கியதுதான்.

சோமர்ஃபெல்டின் கடைசிக் காலம் நிம்மதியாக இல்லை. தம் இடத்துக்கு ஹைசன்பர்க் வரவேண்டும் என்று விரும்பினார். நாஜிகள் விடவில்லை. 1939இல் வேறொருவரை அமர்த்தினார்கள். 1951இல் பேரப்பிள்ளைகளோடு நடந்துபோனபோது கார் மோதி, சில வாரங்களில் இறந்துபோனார்.

சந்திரசேகருக்கு நோபல் கிடைத்தது 1983இல்.