தடையரணின் இருபுறத்தும் நின்றவர்

விக்டர் ஹியூகோவின் 'லே மிசெராப்ள்' என்னும் பெருநாவலை நாம் இருமுறை படித்தோம் என்பதிலும், முதன்முறை படித்ததாக எண்ணி ஏமாந்தோம் என்பதே பொருந்தும். மாணவப் பருவத்தில் எமது கைக்குக் கிட்டியது ஒரு சுருக்கப் பதிப்பு. ஒரு துண்டு ரொட்டிக்காகத் தண்டனை பெற்று, தப்பியோட முயன்ற குற்றமும் சேர்ந்து, 19 ஆண்டுகள் சிறையில் உழன்ற ஜீன் வால்ஜீனுக்காக அன்று கண்ணீர் வடித்தோம். சுத்தானந்த பாரதியாரின் 'ஏழை படும் பாடு' வழியாகவும், 1950இல் அப்பெயரிலேயே வெளிவந்த திரைப்படத்தின் வழியாகவும் தமிழர் பலர் வடித்த கண்ணீரும் அத்தகையதே. பொலிசதிகாரன் ஜாவேராக நடித்த சீதாராமனை மக்கள் கடைசிவரை 'ஜாவர்' சீதாராமன் என்றே அழைத்தனர்.

ஆண்டுகள் பல கழிந்தபின் முழு நூலையும் கையில் எடுத்தோம். ஐந்து பாகங்கள், 365 அத்தியாயங்கள். பாடசாலை முடிந்து வந்து, விடைத்தாள்களை ஒதுக்கிவைத்துவிட்டு, இரவில் சிறிது சிறிதாகப் படித்தோம். பொறுமை சோதிக்கப்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை. கதை விறுவிறுப்படையும் இடத்தில் ஆசிரியர் எம்மை வாட்டர்லூப் போர்க்களத்துக்கு இழுத்துச் செல்கிறார். கன்னியர் மடமொன்றின் ஒழுக்கவிதிகளை விவரிக்கிறார். உயிர்தப்பி ஓடுபவனை நிலத்தடிக் கால்வாயில் நிறுத்திவிட்டு, பாரிஸ் மாநகரின் கழிவுநீர்க் கால்வாய்களின் வரலாற்றைக் கூறத் தொடங்குகிறார். இவையெல்லாம் எதற்கு என்று எமது உயர்வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். அன்று எம்மிடம் தக்க விடை இருக்கவில்லை.

விடை ஐந்தாம் பாகத்தின் வாயிலில் இருந்தது.

நாவலின் உச்சம் 1832ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம், 6ஆம் திகதிகளில் பாரிஸில் எழுந்த கிளர்ச்சி. அவ்வாண்டு கொலரா நோய் அந்நகரில் மட்டும் 18,000 பேருக்கு மேல் பலிகொண்டது. ஏழைகளின் நெருக்கமான குடியிருப்புகளே பேரழிவைக் கண்டன. மக்கள் மதித்த ஜெனரல் லமார்க்கும் அந்நோய்க்கு இரையானார். அவரது இறுதி ஊர்வலம் லூயி பிலிப் மன்னனின் ஆட்சிக்கெதிரான எழுச்சியாக மாறியது. இரண்டே நாட்களில் படைகள் அதனை நசுக்கின. சரித்திர நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துசெல்லும் இத்தோல்விக்கு ஹியூகோ சாகாவரம் அளித்தார். குண்டுமழையினூடே தோட்டா பொறுக்கிப் பாடி மடியும் சிறுவன் கவ்ரோஷை யார் மறப்பார்?

ஆயின் ஐந்தாம் பாகம் 1832இல் தொடங்கவில்லை. ஆசிரியர் திடீரெனப் பதினாறு ஆண்டுகள் முன்னே தாவி, 1848 ஜூனில் பாரிஸ் தொழிலாளர் எழுப்பிய இரு பெருந் தடையரண்களை வருணிக்கிறார். ஒன்று இடிபாடுகளின் மலை. மற்றொன்று நூல் பிடித்தாற்போல் நேராக அடுக்கிய கற்சுவர். அந்த எழுச்சியை மக்கள் தமக்கெதிராகவே செய்த கலகமெனக் கருதுகிறார். அதனை எதிர்த்தே ஆகவேண்டும், எதிர்க்கும்போதே வணங்கவும் வேண்டும் என்று தடுமாறுகிறார். எமது சுருக்கப் பதிப்பில் இந்த அத்தியாயம் அடியோடு இல்லை.

ஏன் இத்தடுமாற்றம்? வேலையற்றோருக்கென அமைந்த தேசிய வேலைத்தலங்களில் அவ்வாண்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் பதிந்திருந்தனர். குடியரசு அவற்றைக் கலைக்க முனைந்தது; பசியை எதிர்நோக்கிய தொழிலாளர் ஜூன் 23இல் எழுந்தனர். நான்கு நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அப்போது தேசிய சபையின் உறுப்பினராயிருந்தவர் ஹியூகோ. அவ்வேலைத்தலங்களைக் குறைகூறிச் சபையில் பேசியவர். தடையரண்களுக்குச் சபை அனுப்பிய 60 பிரதிநிதிகளுள் ஒருவராகி, அவற்றைத் தகர்க்கும் படைகளோடு நின்றவர். 1845இல் தொடங்கிய இந்நாவலும் 1848இல் அரைகுறையாய் நின்றது. 1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கவர்ந்தபோது எதிர்த்தெழுந்து, நாட்டைவிட்டு வெளியேறி, கேர்ன்சித் தீவில் இருந்தவாறு 1860இல் மீண்டும் எழுதத் தொடங்கினார். நூல் 1862இல் வெளிவந்தது.

இதனை அறிந்தபின் முழு நூலும் வேறொரு நூலாயிற்று. தன் கை படிந்த இரத்தத்தை ஒருவர் எண்ணிப் பார்க்கும் எழுத்தாக அது எமக்குத் தோன்றியது. சுற்றி வளைத்துச் செல்லும் அத்தியாயங்கள், சொல்லக் கூசும் ஒன்றை நெருங்கும் வழிகளெனப் பட்டன. இவ்விடத்தில் எம் தோழர்கள் சிலரோடு நாம் மாறுபடுகின்றோம். அவர்கள் ஹியூகோவை வெறும் கருணைவாதி என ஒதுக்குவர். குறை இல்லாமலில்லை. நல்ல முதலாளியாக வால்ஜீனைப் படைத்து, தொழிற்சாலையை அவன் கையில் ஒப்படைத்து, அதனாலேயே ஊர் செழித்ததென்று எழுதுவது பூர்ஷ்வாக் கனவுதான். ஆனால் அதே தொழிற்சாலைதான் பாந்தீனை வெளியே தள்ளுகிறது. நல்ல முதலாளிக்கு அச்செய்தி தெரியவே தெரியாது. அவள் கூந்தலை விற்று, பல்லை விற்று, ஈற்றில் தன்னையே விற்கிறாள். இதை எழுதிய கை எதைக் கண்டது என்று கேளாமல் ஒதுக்குவது எங்ஙனம்?

1871இல் பாரிஸ் கம்யூன் வீழ்ந்தபோது அவர் பிரசெல்ஸில் இருந்தார். கம்யூனின் செயல்களை முற்றாக ஏற்றவரல்லர். எனினும் தப்பிவந்த கம்யூன்காரருக்குத் தம் வீடு திறந்திருக்கும் எனப் பகிரங்கமாக அறிவித்தார். அன்றிரவு ஒரு கும்பல் அவ்வீட்டின்மேல் கல்லெறிந்தது. சில நாட்களில் பெல்ஜிய அரசு அவரை நாடுகடத்தியது. அவ்வீடு இருந்த சதுக்கத்தின் பெயர் தடையரண் சதுக்கம்.