ரயில் ஒளிப்பட மதிப்பீடு: மேற்குச் சென்னைத் தடம்

ரயில் ஒளிப்பட மதிப்பீடு என்பது, பொழுதுபோக்காக ரயில்களைப் படமெடுப்போரின் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தரம் பிரிக்கும் முறை. ஒரே படத்தை இங்கே இரண்டு அளவுகோல்களால் அளக்க வேண்டியிருக்கிறது: படமாக அது எப்படி இருக்கிறது, ரயிலைப் பற்றிய ஆவணமாக அது என்ன சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் நடுவர்களிடையே கருத்து வேறுபடுகிறது. இக்கட்டுரை அந்த முறையைச் சென்னையின் மேற்குப் புறநகர்த் தடத்தை முன்வைத்து விளக்குகிறது.

இடம்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலுக்கும் பூந்தமல்லிக்கும் இடையில் உள்ள வேலப்பன்சாவடியில் ரயில் நிலையம் கிடையாது. இங்குள்ள ரயில் ரசிகர்கள் வடக்கே போய்த்தான் தண்டவாளத்தைப் பார்க்க முடியும். வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் வழியாகத் திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் செல்லும் தடம் அது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதையும் இதுவே. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் உள்ள வாலாஜா ரோடு வரை வண்டி ஓடத் தொடங்கியது. சென்னை ஒளிப்படச் சங்கம் உருவானதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். சென்னைக் கலைப்பள்ளியை நிறுவிய அலெக்சாண்டர் ஹன்டர் அதன் முன்னோடிகளில் ஒருவர்.

இத்தடத்தில் எடுக்க வேண்டியவை நிறைய உண்டு. பெரம்பூரில் 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கிவைத்த ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலை, அதனருகே ரயில் அருங்காட்சியகம், பெரம்பூர் லோகோ பணிமனை, அண்ணனூர் அருகே மின்ரயில் ஷெட், பட்டாபிராம் ராணுவக் கிளைப்பாதை ஆகியவை அவற்றுள் சில. 2022 நவம்பரில் தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் சென்னை–மைசூரு இடையே ஓடத் தொடங்கியதும் இந்தத் தடத்தில்தான். அந்த வகை வண்டி முதன்முதலில் 2018-இல் ஐ.சி.எஃப்-இலேயே உருவானது.

படங்களின் வகை

ஒப்பிடுவதற்கு முன் படங்களை வகை பிரித்துக்கொள்வது முதல் வேலை. இன்ஜினின் முகமும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரிய, பின்னால் பெட்டிகள் நீண்டு செல்லும் முக்கால்பக்கக் காட்சி மிகப் பழைய வகை. அமெரிக்காவில் லூசியஸ் பீபி 1930களில் தம் நூல்களால் இதைப் பரப்பினார். இரண்டாம் வகை, ரயில் சிறிதாகவும் நிலம் பெரிதாகவும் அமையும் நிலக்காட்சி. பிரிட்டனில் வழங்கப்படும் ஆண்டின் சிறந்த நிலக்காட்சிப் படக்கலைஞர் விருதில், ரயில் பாதை இடம்பெறும் படங்களுக்கென நெட்வொர்க் ரயில் நிறுவனத்தின் தனிப்பரிசும் வழங்கப்பட்டதுண்டு. மூன்றாம் வகை மனிதர் சார்ந்தது. 1995-இல் மும்பை சர்ச்கேட் நிலையக் கூட்டத்தை ரகு ராய் எடுத்த படம் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. நான்காம் வகை ஆவணப் படம்: இன்ஜின் எண், வண்ணம், பெட்டி வகை, சிக்னல், பணிமனை ஆகியவற்றைப் பதிவுசெய்வது. வண்டி தெளிவாகவும் பின்னணி கலங்கியும் தெரியக் கேமராவை வண்டியோடு திருப்பி எடுக்கும் படங்களையும் இரவுப் படங்களையும் தனித்தனியே வைப்பதே நியாயம்.

ஒரு வகையின் தகுதி இன்னொரு வகையில் குறையாகிவிடும். இதற்குச் சிறந்த சான்று அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஓ. வின்ஸ்டன் லிங்க் எடுத்த 'ஹாட்ஷாட் ஈஸ்ட்பவுண்ட்'. மேற்கு வர்ஜீனியாவில் 1956-இல் எடுத்த இப்படத்தில், திறந்தவெளித் திரையரங்கில் கார்களில் மக்கள் படம் பார்க்க, பின்னால் நீராவி வண்டி விரைகிறது. ஃபிளாஷ் பல்புகளின் வெளிச்சத்தில் திரையில் இருந்த காட்சி வெளுத்துப்போனதால், திரையில் தெரியும் விமானத்தை வேறொரு நெகட்டிவிலிருந்து லிங்க் பின்னர் சேர்த்தார். படைப்பாகப் பார்த்தால் அது ஒரு சாதனை. எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்ற செய்திப்பட விதியின் கீழ் அனுப்பினால் முதல் சுற்றிலேயே விழும்.

ஒளி

இத்தடம் ஏறக்குறைய நேர் கிழக்கு–மேற்காகச் செல்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாத நடுவரால் இங்கு எடுத்த படங்களை ஒப்பிட முடியாது. காலையில் சென்னை சென்ட்ரலை நோக்கி வரும் வண்டியின் முகத்தில் வெயில் நேராக விழும். சென்ட்ரலிலிருந்து கிளம்பும் வண்டியின் முகம் நிழலில் இருக்கும். மாலையில் நிலைமை தலைகீழ். இரவெல்லாம் ஓடிக் காலையில் வந்துசேரும் மெயில் வண்டிகளை முகம் ஒளிர எடுப்பது எளிது. காலையில் பெங்களூருக்குப் புறப்படும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸை எதிரே நின்று அப்படி எடுப்பது அரிது. அதிகாலை ஆறு மணிக்கு முன்பே கிளம்பும் மைசூரு வந்தே பாரத் மார்கழியில் ஆவடியை இருட்டு விலகும் முன்பே கடந்துவிடும்.

சென்னை ஏறத்தாழ 13 பாகை வடக்கு அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே ஆண்டின் பெரும்பகுதி வண்டியின் தெற்குப் பக்கமே வெளிச்சம் பெறும். அக்னி நட்சத்திர நாட்களில் வெயில் செங்குத்தாக இறங்கி, சக்கரங்களும் போகிகளும் கரிய நிழலில் மறைந்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மறுநாள் காற்று கழுவிவிட்டதுபோல் தெளிவாக இருக்கும். போகிப் பண்டிகை விடியலில் புகைமூட்டம் எதையும் காட்டாது. இந்த இரண்டு நாட்களின் படங்களை ஒரே தட்டில் வைத்துத் தெளிவுக்கு மதிப்பெண் போடுவது, படமெடுத்தவரை விட்டுவிட்டு வானிலைக்குப் பரிசு கொடுப்பதாகும்.

தெளிவும் சட்டகமும்

மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் சுமார் 30 மீட்டர் நகர்கிறது. 1/1000 நொடியில் அது 3 சென்டிமீட்டர். 1/250 நொடியில் 12 சென்டிமீட்டர். குறுக்கே ஓடும் வண்டியில் இந்த நகர்வு கலங்கலாகத் தெரியும், நேரே வரும் வண்டியில் அவ்வளவு தெரியாது. எனவே, பக்கவாட்டுப் படத்தின் சிறு கலங்கலையும் முகப்புப் படத்தின் கலங்கலையும் ஒரே கண்டிப்போடு பார்ப்பதில்லை. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் வேறொரு சிக்கல் வரும்: மின்ரயில் நெற்றியில் உள்ள எல்.இ.டி. பலகையின் எழுத்துகள் பாதி அணைந்ததுபோல் பதிவாகும். வண்டி உறைந்து நிற்க வேண்டுமா, ஊர்ப்பெயர் வாசிக்கப்பட வேண்டுமா என்பது எடுப்பவரின் தேர்வு. நடுவர் அதைத் தேர்வாகவே மதிக்க வேண்டும்.

இத்தடம் 1979-இல் திருவள்ளூர் வரை மின்மயமானது. 25,000 வோல்ட் மின்கம்பிகளும் அவற்றைத் தாங்கும் கம்பங்களும் சட்டகத்தில் வராமல் இங்கே படமெடுக்க இயலாது. கம்பம் இருக்கிறது என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைப்பதில் அர்த்தமில்லை. அது இன்ஜின் முகத்தை வெட்டுகிறதா, மின்கம்பியைத் தொட மேலே நீட்டிய பேன்டோகிராஃப் சட்டகத்தின் விளிம்பில் துண்டிக்கப்பட்டதா, கடைசிப் பெட்டி வரை வண்டி தெரிகிறதா என்பவையே கேள்விகள். பாதைகள் பல அடுத்தடுத்துச் செல்வதால், எக்ஸ்பிரஸ் வரும் நொடியில் லோக்கல் குறுக்கே வந்து மறைப்பது வழக்கம். இரண்டும் ஒரே சட்டகத்தில் பொருந்தி அமைந்துவிட்டால் அது தனித் தகுதி.

தகவல்

ஆவணப் படத்துக்குக் குறிப்பு இன்றியமையாதது: இடம், தேதி, வண்டியின் பெயரும் எண்ணும், இன்ஜின் வகையும் எண்ணும், செல்லும் திசை. குறிப்பைப் படத்தோடு ஒத்துப்பார்ப்பதும் நடுவரின் வேலைதான். இந்திய ரயில்வே 2010 டிசம்பரில் பயணிகள் வண்டிகளின் எண்களை ஐந்து இலக்கமாக்கியது. 2015 என்று தேதியிட்ட படத்தில் பெயர்ப்பலகை நான்கு இலக்க எண்ணைக் காட்டினால் ஏதோ இடிக்கிறது. இன்ஜினின் ஷெட் பெயர், பெட்டி பழைய ஐ.சி.எஃப். வகையா புதிய எல்.எச்.பி. வகையா என்பது, பூசிய வண்ணம் ஆகியவையும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். நிழல் விழும் திசைகூடச் சான்றுதான்: "காலை, சென்ட்ரல் நோக்கி" என்ற குறிப்புடன் வந்த படத்தில் முகம் இருண்டிருந்தால் வெயில் இல்லாத நாளா என்று கேட்கலாம்.

போட்டி முறை

ஒளிப்படக் கழகங்களின் போட்டிகளில் பொதுவாகக் குறைந்தது மூன்று நடுவர்கள் இருப்பார்கள். எடுத்தவர் பெயர் காட்டப்படாது. பன்னாட்டு ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பு, 1934-இல் தோன்றிய அமெரிக்க ஒளிப்படச் சங்கம், 1953-இல் தோன்றிய இந்திய ஒளிப்படக் கூட்டமைப்பு ஆகியவற்றின் அங்கீகாரம் பெற்ற போட்டிகளே இங்குள்ள அமெச்சூர்களுக்குப் பழக்கமானவை. அவற்றில் ரயில் பொதுவாகத் தனிப்பிரிவாக இருப்பதில்லை. பயணம், செய்தி, திறந்த பிரிவு ஆகியவற்றில் ரயில் படங்கள் போட்டியிடுகின்றன. ரயிலை அறியாத நடுவர் ஒளியையும் அமைப்பையும் மட்டும் பார்ப்பார். ரயிலை மட்டும் அறிந்தவர் அரிய இன்ஜினைக் கண்டதும் படத்தின் குறைகளை மறப்பார். இரு தரப்பும் கலந்த குழுவே இதற்கு வழி. ரயில் படங்களுக்கென்றே இயங்கும் அமைப்புக்கு உதாரணம், அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1997-இல் தொடங்கிய ரயில்பாதை ஒளிப்பட, கலை மையம்.

சட்டமும் தகுதிநீக்கமும்

தண்டவாளத்தில் அத்துமீறி நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். படிக்கட்டிலும் கூரையிலும் பயணம் செய்வதை 156-ஆம் பிரிவு தடுக்கிறது. பாதையின் நடுவே நின்று எடுத்தது கோணத்திலேயே தெரிந்துவிடும். அத்தகைய படத்துக்கு மதிப்பெண் போட்டு ஒப்பிடாமல், மதிப்பீட்டுக்கே எடுத்துக்கொள்ளாமல் விடுவதுதான் பொறுப்புள்ள போட்டியின் நடைமுறை. பரிசு கொடுத்தால் அடுத்தவரும் அங்கேயே போய் நிற்பார். ஆவடிப் பகுதியில் கனரக வாகனத் தொழிற்சாலை, விமானப்படைத் தளம் முதலிய பாதுகாப்பு வளாகங்கள் இருப்பதால், பின்னணியில் அவை விழாமல் பார்ப்பதும் அவசியம்.

காலமும் மதிப்பும்

அழகுக்குக் கிடைத்த மதிப்பெண் பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆவண மதிப்போ மாறும். கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931 முதல் ஓடிய மீட்டர்கேஜ் மின்ரயில்கள் 2004-இல் நின்றன. அவை தினமும் ஓடிய நாளில் சாதாரணமாகத் தோன்றிய படம் இன்று ஆய்வாளருக்கு வேண்டியதாகிவிட்டது. பூந்தமல்லியில் 2025 மார்ச்சில் ஓட்டுநர் இல்லா மெட்ரோ சோதனை ஓட்டம் தொடங்கியதும் வேலப்பன்சாவடிக்குப் பக்கத்திலேயே புதிய படப்பொருள் வந்துவிட்டது. அது உயர்பாலத்தில் ஓடுவதால், தரையில் நின்று எடுப்பவருக்குப் பெட்டியின் அடிப்புறமே அதிகம் தெரியும். பழைய முக்கால்பக்கக் காட்சியின் அளவுகோல் அங்கே செல்லாது. ஆகவே ஒரு கழகம் மதிப்பெண் பட்டியலோடு, பரிசு பெறாத படங்களையும் அவற்றின் தேதி, இடக் குறிப்புகளையும் சேர்த்துப் பாதுகாப்பது நல்லது. எது ஆவணம் ஆகும் என்பதைப் போட்டி நடக்கும் நாளில் எந்த நடுவராலும் முழுதாகச் சொல்லிவிட முடியாது.